பழைய வீட்டுக்குப் புதிய குசினி

குண்டசாலையிலிருந்து வாசகி ஒருவர் நமக்கு நீண்ட கடிதமொன்று எழுதியிருக்கிறார். ஆற்றுப் பக்கத்துச் சரிவில் கணவரின் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு அவர்களுடையது. முன்புறம் இன்றும் உறுதியாக நிற்கிறது. பின்புறத்துக் குசினிதான் பெருந்தொல்லை. புகை படிந்த சுவர், ஒழுகும் கூரை, பகலிலும் விளக்கேற்ற வேண்டிய இருட்டு, இவற்றோடு எண்பதை நெருங்கும் மாமியாரின் ஓயாத இருமல். கணவர் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணிக்கொடையிலிருந்து 12 இலட்சம் ரூபாவை இதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். கொழும்பில் வேலை பார்க்கும் மகன் கொந்தராத்துக்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினாராம். பழைய விறகடுப்பையும் புகைக்கூட்டையும் இடித்துவிட்டு, பின்சுவரை ஐந்தடி பின்னே தள்ளி, சுற்றிவரப் பலகை அலுமாரிகளும் கருங்கல் மேடையும் அமைத்துத் தர அவர் கேட்ட தொகை 18 இலட்சம். மிச்சம் 6 இலட்சத்தை வங்கியில் எடுக்கலாமா, அல்லது எதையேனும் குறைக்கலாமா என்பதே வாசகியின் கேள்வி.

முதலிற் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கடன் எடுக்க வேண்டாம். அடுப்பை இடிக்க வேண்டாம். பின்சுவரை ஓரங்குலமும் தள்ள வேண்டாம். பழைய வீட்டில் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கே பணத்தின் முதற்பங்கு சேரவேண்டும். அவ்வாறு செய்தபின் மிஞ்சுவதைக் கொண்டு ஆகக்கூடிய அலங்காரமே அந்த வீட்டுக்குரிய அலங்காரம். மகனுக்கு இது கசப்பாயிருக்கலாம். ஆயினும் காரணங்களைக் கேட்டபின் அவரும் நம் பக்கம் வருவார் என்றே எண்ணுகிறோம்.

பின்சுவர் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கண்டிச் சீமையில் வீடு கட்டுவோர் சரிவை வெட்டித் தளம் அமைத்து, முகப்பைப் பாதைப் பக்கமும் குசினியை மண்திட்டின் பக்கமும் வைப்பது பெருவழக்கு. குசினிச் சுவருக்கும் வெட்டிய திட்டுக்கும் இடையே நாலடி, ஐந்தடி இருக்கும். அந்த இடைவெளி வீணாய்க் கிடக்கும் நிலமென்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மழைநீர் வடிவதற்கும், திட்டிலிருந்து சரியும் மண் சுவரில் மோதாமல் இருப்பதற்கும் பழையவர்கள் விட்டுவைத்த இடம் அது. அதை அடைத்துக் குசினியைப் பெருக்குவோர், பெரும்பாலும் திட்டின் அடியையும் சற்றே வெட்டிவிடுகிறார்கள். அடி வெட்டுண்ட திட்டு எத்தனை மாரிக்குத் தாங்கும்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் கண்டி மாவட்டத்து மண்சரிவுகள் எத்தனை வீடுகளை, எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதை இப்பகுதி வாசகருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே சரிவில் உள்ள வீட்டைப் பெருக்க விரும்புவோர், மேசன் பாஸைக் கூப்பிடுமுன் பிரதேச சபையை அணுகிட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் கேட்கப்படும். இதைச் சிலர் வெறும் கடதாசித் தொல்லை என்று கருதி, இரவோடிரவாகச் சுவரை எழுப்பிவிடுகிறார்கள். மண்ணுக்கு அந்தக் கெட்டித்தனம் தெரியாது. நம் வாசகி செய்யவேண்டியது, அந்த ஐந்தடியை அப்படியே விட்டு, அங்கே சீமெந்து வாய்க்கால் ஒன்றை நல்ல சாய்வில் அமைத்து, கூரைநீரும் திட்டுநீரும் வீட்டுக்கு அப்பால் சென்று விழும்படி செய்வதே. குசினிச் சுவரின் கீழ்ப்பகுதி ஆண்டு முழுவதும் ஈரம் கசிந்து பொருமிக்கொண்டிருப்பதற்கு அந்த வாய்க்கால் இல்லாமையே காரணமாயிருக்கலாம்.

ஈரச் சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வீட்டுச் சுவர்கள் பலவும் கல்லும் செங்கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் கொண்டவை. அவை ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் அழுத்தமாகச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டொரு மாரியில் பூச்சைத் தட்டுத் தட்டாகத் தள்ளிவிடும். 'புதிதாய்ப் பூசியும் உதிர்கிறதே' என்று மேசன்மாரைத் திட்டுவதில் பயனில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். திகனைப் பக்கம் சுண்ணாம்புச் சூளைகளுக்குப் பேர்போன பகுதி. கேட்டால் பழைய முறை தெரிந்த கைகள் இன்னும் அகப்படும்.

குண்டசாலை, திகனை வாசிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஆகஸ்டிலும் அதன்பின் அவ்வாண்டு முடியுமுன் சில முறையும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த இடங்களில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. பாரிய சேதமில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் பழைய சுவரில் கனத்த அலுமாரிகளைத் தொங்கவிட நினைப்பவர்கள், முதலில் அச்சுவரில் வெடிப்புகள் உண்டா, உண்டாயின் அவை அகன்று வருகின்றனவா என்று பார்த்தல் நன்று. வெடிப்பின் குறுக்கே சிறிது சாந்தைப் பூசித் தேதியை எழுதி வைத்தால் போதும்; மூன்று மாதத்தில் சாந்தும் பிளந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. இது செலவில்லாத சோதனை. மாணவர்களே செய்யலாம்.

இனி அடுப்புக்கு வருவோம். இதில்தான் வாசகியின் குடும்பத்தில் கருத்து வேறுபாடு மிகுதி என்று கடிதத்தின் நடையிலிருந்தே ஊகித்தோம். மாமியாருக்கு விறகடுப்பு வேண்டும். மருமகளுக்கு எரிவாயு வேண்டும். மகனுக்கு மின்னடுப்பு வேண்டும்.

மூவரும் 2022ஆம் ஆண்டை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும். 2021 அக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவுக்குக் கிடைத்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. விலையைக் கொடுக்க ஆயத்தமாயிருந்தும் பொருள் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரத்தில் வரிசையாக வைத்து, இரவெல்லாம் காவலிருந்த காட்சியை யார் மறப்பர்? மின்சாரத்தை நம்புவோமென்றால் அதுவும் மணிக்கணக்கில் நின்றது. பின்னர் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் கூடியது. அதன்பின் குறைந்தும் கூடியும் வந்திருக்கிறது. எனினும் ஏறக்கூடியது ஏறும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. அந்நாட்களில் அடுப்பங்கரையை இடித்து அழகிய மேடை கட்டியிருந்த எத்தனையோ வீடுகளில், முற்றத்தில் மூன்று செங்கல்லை வைத்து, மழையில் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்தார்கள். பழைய அடுப்பை விட்டுவைத்திருந்தவர்கள் வீட்டில் வேளைக்கு வேளை உலை கொதித்தது. அக்கம்பக்கத்தாரும் தங்கள் பானைகளோடு அங்கே வந்தார்கள்.

விறகு ஏழை வீட்டுக்குரியது என்றொரு எண்ணம் நம்மிடையே பரவிவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்போது இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் விறகையே நம்பிச் சமைத்தன. கண்டி வீட்டுத்தோட்டங்களில் மிளகுக் கொடிக்குத் தாங்கலாக நட்ட கிளிசரிடியாவை ஆண்டுதோறும் வெட்டியே ஆகவேண்டும். தென்னமட்டையும் சிரட்டையும் பலாக் கிளையும் வேறு. வாசலில் விழும் எரிபொருளை விட்டுவிட்டுக் கப்பலில் வருவதை மட்டும் நம்புவது புத்திசாலித்தனமாக நமக்குத் தோன்றவில்லை.

எனினும் மருமகளின் பக்கத்தையும் நாம் சொல்லத்தான் வேண்டும். ஏனெனில் மாமியாரின் இருமல் அவர் பக்கத்துக்கே சாட்சி. வீட்டுப் புகையால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மடிந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அடுப்படியில் நிற்கும் பெண்களும், அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளுமே அந்தப் புகையை அதிகமாக உட்கொள்கிறவர்கள். ஆதலின் விறகடுப்பை விட்டுவைக்கச் சொல்லும் நாம், புகையையும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. இருமல் மூன்று கிழமைக்கு மேலாயிற்று என்றால், மேசன் பாஸ் வருமுன் மூதாட்டியை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

புகைக்கூடு இருந்தும் ஏன் குசினியில் புகை சூழ்கிறது? காரணங்கள் எளியவை. கூட்டின் தலை கூரை முகட்டுக்குக் கீழே நின்றால், முகட்டைத் தாண்டி வரும் காற்று புகையை மீண்டும் உள்ளே அமுக்கும். முகட்டுக்கு மேல் இரண்டடியாவது அது நிமிர்ந்து நிற்கவேண்டும். அடுப்புக்கு மேலுள்ள வாய் அகன்று, கூடு குறுகலாயின் புகை முன்பக்கம் வழியும். கூட்டில் வெடிப்பிருந்தால் குளிர்காற்று புகுந்து இழுவையைக் கெடுக்கும். மேலாக, புகை வெளியே போக வேண்டுமாயின் அதே அளவு காற்று உள்ளே வர வழி வேண்டும். கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திவிட்டு ஊதுகுழலோடு போராடுவது வீண். அடுப்பு மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சன்னல், எதிர்ச்சுவரில் கூரையையொட்டி ஒரு காற்றுத்துவாரம் என இவ்விரண்டும் அமைந்தால் பாதி நோய் தீரும். கூட்டினுள் ஆண்டாண்டாய்ப் படிந்த கரியை வழித்தெடுத்தால் மீதியிலும் பாதி தீரும்.

அடுப்பையும் மாற்றலாம். 1950களில் ஹைதராபாத்திலிருந்த பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் எஸ். பி. ராஜு என்பவர், ஒரே தீயில் பல பாத்திரம் கொதிக்கவும் புகை குழாய் வழியே வெளியேறவும் மண் அடுப்பொன்றை வகுத்தார். நம் நாட்டில் 1980களில் உருவான 'அனகி' அடுப்பும் அவ்வழியில் வந்த ஒன்றே. குயவர் செய்யும் இரட்டைவாய் மண் அடுப்பு அது. முதல் வாயில் சோறு கொதிக்கையில் அதே தீயின் அனல் இரண்டாம் வாயிற் கறியைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்பைவிட இதற்கு விறகு குறைவு என்பதைப் பயன்படுத்தியோர் அறிவர். அதில் புகைக்குழாய் இல்லை. ஆகவே பழைய கூட்டின் அடியிலேயே அதைப் பதிக்கவேண்டும். அப்போது கூடும் பிழைக்கும், அடுப்புக்கு மேலுள்ள பரணும் பிழைக்கும். கொறக்காப் புளியும் விதைநெற்றுகளும் உலர அந்தப் பரணுக்கு ஈடான இடம் எந்தப் புது அலுமாரியிலும் இல்லை.

ஆகவே நம் தீர்ப்பு: அன்றாட விரைவுக்கு எரிவாயு அடுப்பு ஒன்று, நெடுநேரச் சமையலுக்கும் நெருக்கடிக்கும் விறகடுப்பு ஒன்று. இரண்டுக்கும் இடையே போதிய தூரம் இருத்தல் அவசியம். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் நீர்போல் தேங்கி நிற்கும். சிலிண்டரை அழகுக்காக மேடைக்கடியில் கதவிட்டு ஒளித்து வைப்பது, ஆபத்தைப் பூட்டி வைப்பதாகும். அதை வெளிச்சுவரோரம் காற்றோட்டமான கம்பிக்கூட்டில் நிறுத்தி, குழாயை உள்ளே கொண்டுவருவதே நல்லது. அது முடியாவிடின் தரையையொட்டிச் சுவரில் துவாரமாவது வேண்டும். 2021 நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல இடங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்து, ஜனாதிபதி ஒரு குழுவையே நியமிக்க நேர்ந்தது நினைவிருக்கும். ரப்பர் குழாயையும் இணைப்பையும் காலத்துக்குக் காலம் மாற்றும் செலவைக் குடும்ப வரவுசெலவில் எழுதி வைப்பவர் சிலரே.

இவ்வளவும் சொன்னபின் பணக்கணக்கைப் பார்ப்போம். முதலில் அந்த 6 இலட்சக் கடன். வட்டி ஆண்டுக்கு 14 சதவீதம், தவணை ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதந்தோறும் ஏறத்தாழ 13,960 ரூபா கட்டவேண்டும். மொத்தம் 8,37,600 ரூபா; அதாவது வட்டி மட்டும் 2,37,600. ஓய்வூதியத்தில் வாழும் குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்கு இதைச் சுமப்பது, பலகை அலுமாரிக்காகவா? மழைக்காலத்தில் காற்றே ஈரமாயிருக்கும் நம் குசினிகளில், மரத்தூளை அழுத்திச் செய்த அந்தப் பலகைகள் அடிப்பக்கம் ஊதிப் பிளப்பதை நாம் பல வீடுகளிற் கண்டிருக்கிறோம். தவணை முடியுமுன் அலுமாரி முடிந்துவிடும்.

நம்மைக் கேட்டால் 12 இலட்சத்தை இவ்வாறு பிரிப்போம். முதற்காரியமாக 2 இலட்சத்தை எடுத்து, வேறு வங்கிப் புத்தகத்தில் போட்டு, அப்படியொரு பணம் இருப்பதையே மறந்துவிட வேண்டும். பழைய வீட்டில் ஓட்டைக் கழற்றினால் கறையான் தின்ற வளை தெரியும். தரையைக் கிளறினால் உடைந்த குழாய் தெரியும். அதற்கான பணம் இது. மேசன் பாஸிடம் இதைப்பற்றி மூச்சுவிடக் கூடாது. வாய்க்கால், கூரைத் திருத்தம், பீலி ஆகியவற்றுக்கு இரண்டரை இலட்சம். மின்கம்பிக்கும் நீர்க்குழாய்க்கும் 2 இலட்சம். அடுப்பு, புகைக்கூடு, சன்னல் இவற்றுக்கு ஒன்றரை. தரை, கழுவுதொட்டி, மேடை ஆகியவற்றுக்கு இரண்டரை. தட்டுகளுக்கும் அலுமாரிக்கும் மிச்சம் ஒன்றரை. இவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் வரிசை மாறலாகாது. பணம் தீர்ந்து வேலை நின்றால், நிற்பது அலுமாரியாக இருக்கட்டும். கூரையாக இருக்கக் கூடாது.

மின்கம்பியில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஒற்றை விளக்குக்கும் வானொலிக்கும் இழுத்த பழைய கம்பியில் இன்று சோறு சமைக்கும் பானை, அரைக்கும் இயந்திரம், குளிர்ப்பெட்டி, மின்கேத்தல் எல்லாவற்றையும் தொங்கவிடுகிறோம். குசினிக்குத் தனிக் கம்பி, நல்ல ட்ரிப் சுவிட்ச், நில இணைப்பு ஆகிய மூன்றும் முதலில். 2018 முதல் 13 ஆம்பியர் சதுரமுனைச் செருகிகளே நாட்டின் நியமமாகிவிட்டன. பழைய வட்டத் துளைகளில் தீக்குச்சி செருகி இயக்கும் வித்தையை இத்தோடு கைவிடலாம்.

கூரையில் அஸ்பெஸ்தோஸ் தகடு இருக்குமாயின் அதைச் சுத்தியலால் உடைத்து இறக்க விடாதீர்கள். அதன் தூசு நுரையீரலிற் புற்றுநோய் விளைக்கும். நீரால் நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, மூக்கையும் வாயையும் தக்க கவசத்தால் மூடி இறக்கவேண்டும். பிள்ளைகள் அன்று வீட்டில் இல்லாதிருப்பது உத்தமம்.

எதைப் புதிதாய் வாங்குவது என்று கேட்பதற்கு முன், எதை வாங்காமல் இருக்கலாம் என்று கேட்க வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பெயர்த்துவிட்டு வழுவழுப்பான தரையோடு பதிப்பவர்களைக் கண்டால் நமக்கு வருத்தமே. எண்ணெயும் நீரும் சிந்தும் இடத்தில் அந்த ஓடு முதியவர்களுக்குப் பொறி. வெடித்த பகுதியைத் திருத்தி மீண்டும் மெருகேற்றினால் சிவப்புத் தரை இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும். பலாமரக் கதவும் நிலையும் கழற்றப்பட்டால் அவற்றைக் கொந்தராத்துக்காரர் 'குப்பையோடு' கொண்டுபோக விடாமல், தட்டுகளாக அறுத்துக்கொள்ளலாம். கறுப்புக் கருங்கல் மேடையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: திகனையைச் சுற்றித் தொலமைற்றுக் கல் தோண்டியெடுக்கப்படுவதை அறிவீர்கள், அந்நிலத்துக் கிணற்று நீரில் சுண்ணம் மிகுதியாயிருந்தால், கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளை அந்தக் கறுப்பு மேடையிலும் நாள்தோறும் கோலம் போடும். துடைப்பது யார் என்பதை மகன் சற்றே சிந்திப்பாராக.

துடைப்பவரையும் சமைப்பவரையும் கேளாமல் குசினி அமைப்பது புதிதல்ல. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைப் பெண்மணி, 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட சிறு சமையலறையை வகுத்தார். கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் அமைந்த அது ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டு, இன்றைய நாகரிகக் குசினிக்கெல்லாம் தாயாயிற்று. ஆனால் ஒருவரே நிற்கக்கூடிய அந்த அறையில், பிள்ளைக்கும் இடமில்லை, பேச்சுத் துணைக்கும் இடமில்லை என்று பெண்கள் முறையிட்டனர். அதை வகுக்கும்வரை தாம் வீட்டுச் சமையல் செய்தவரல்லர் என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் சொன்னார்.

அதற்கு மாறான உதாரணம் குண்டசாலைக்கு அயலிலேயே உண்டு. கண்டியிற் பிறந்த மினெட் டி சில்வா அம்மையார் (1918 - 1998), 1950களின் பிற்பகுதியில் வட்டபுளுவையில் அரசாங்க உத்தியோகத்தருக்கான வீடமைப்புத் திட்டத்தை மேற்கொண்டபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் முதலில் கேள்விக்கொத்துகளைக் கொடுத்தார். உங்கள் வாழ்க்கைமுறை எப்படி, என்ன தேவை, எவ்வளவு செலவிட முடியும் என்று அறிந்தபின்னரே வீட்டு வகைகளை வரைந்தார். பல இனத்தவரும் பல மதத்தவரும் ஒருங்கே குடியேறிய அத்திட்டத்துக்குக் கேள்வியே அத்திவாரம். ஒரு குடும்பம் தன் குசினிக்கு இதைச் செய்யத் தடை யாது?

இவ்வேலைக்கு வீட்டிலுள்ள மாணவர்களை நாம் சிபாரிசு செய்கிறோம். கொப்பி ஒன்றை எடுத்து, ஒரு மாலைச் சமையலின்போது அம்மாவும் பாட்டியும் அடுப்புக்கும் நீருக்கும் பொருள் வைக்கும் இடத்துக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறார்கள் என்று எண்ணட்டும். இம்மூன்றிடங்களுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் நாலடிக்குக் குறையாமலும் ஒன்பதடிக்கு மிகாமலும் இருப்பது வசதி என்பது மேல்நாட்டார் கண்ட அளவு. அடுத்து, சமைப்பவர் முழங்கையை மடித்து நிற்கையில் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம் என்று அளக்கட்டும். அதிலிருந்து நாலைந்து அங்குலம் குறைத்தால் மேடையின் உயரம். கொந்தராத்துக்காரர் எல்லோருக்கும் ஒரே அளவில் கட்டும் மேடை, குள்ளமான பாட்டிக்குத் தோள்வலியையே தரும். மேல்நாட்டு அளவில் இல்லாதவையும் நம்மிடம் உண்டு: தேங்காய் துருவ, இடியப்பம் பிழிய, கீரை ஆய உட்கார ஓரிடம், அம்மிக்கு ஓரிடம். மேடைக்கடியில் எல்லாம் அலுமாரி என்று அடைத்துவிட்டால் பாட்டி எங்கே உட்காருவார்? சன்னலோரம் அகலமான தாழ்ந்த திண்ணை ஒன்று கட்ட ஆகும் செலவு அற்பம்.

மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது அவசியம். 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபா விற்ற 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியதைக் கண்ட நாம், சென்ற ஆண்டுக் கணக்கை இவ்வாண்டு நம்பக்கூடாது. பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லவேண்டும். முற்பணம் சிறிதாகவும், கூரை முடிந்தபின், குழாய் முடிந்தபின் என்று கட்டங்கட்டமாகவும் கொடுத்து, பத்திலொரு பங்கைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது நன்று. ஒரு மழை பெய்து பார்த்தபின் அதைக் கொடுக்கலாம்.

கடைசியாகக் காலம். தைப்பொங்கலுக்குப் புதிய அடுப்பில் பொங்கவேண்டும் என்று பலரும் புரட்டாதியில் வேலையைத் தொடங்குகிறார்கள். அதன்பின் வரும் மூன்று மாதமும் இப்பகுதியில் பெருமழை. கழற்றிய கூரையின்கீழ் நனையாத பொருள் இராது. பொங்கலைப் பழைய அடுப்பிலேயே பொங்கி, தை பிறந்தபின் வேலையைத் தொடங்கினால் பெப்ரவரி, மார்ச் மாத வெயில் துணைநிற்கும். ஆறேழு கிழமைக்குப் பின்விறாந்தையில் தற்காலிக அடுப்பும், நீருக்கு ஒரு பீப்பாவும் வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் சோற்றுப் பொதிக்கு அக்காலத்தில் கடையை நாட நேர்ந்தால் அச்செலவும் கணக்கில் இருக்கட்டும். மண் அடுப்பை மட்டும் மார்ச் நடுப்பகுதிக்குள் பதித்துவிடவேண்டும். அது நிழலில் இரண்டு மூன்று கிழமை காய்ந்து, பின் சிரட்டைத் தணலில் சிறுகச் சிறுகச் சூடேறினால்தான் வெடிக்காது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு அயலவர் சிங்கள வீடுகளில் சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டிப் பால் பொங்க வைக்கையில், இங்கும் அது தீமூட்டத் தயாராயிருக்கும்.